18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வெயிஸ்ட்கோட்: வெட்டும் முன்பே எம்பிராய்டரியா?

கேள்வி: 1780களின் பாணியில் வெயிஸ்ட்கோட் (கோட்டுக்கு உள்ளே அணியும் மேலாடை) தைக்கிறேன்; தந்த நிறப் பட்டு சாட்டினில் முன் ஓரமும் பாக்கெட் மடலும் பூங்கொடியாக வர வேண்டும். துணியை முதலில் வெட்டலாமா? டிசைனை எப்படி ஏற்றுவது?

பதில் 1: வெட்டாதீர்கள். அன்று பிரான்சின் லியோன் நகரப் பட்டறைகளில் இரு முன்பாகங்கள், மடல்கள், பொத்தான் உறைகள் எல்லாவற்றையும் ஒரே நீண்ட துணியில் எம்பிராய்டரி செய்து முடித்தே தையல்காரரிடம் கொடுத்தார்கள். வெட்டப்படாத அத்தகைய துணிகள் அருங்காட்சியகங்களில் இன்னும் இருக்கின்றன. முதுகுக்கு எம்பிராய்டரி தேவையில்லை. மேலே கோட் மூடிவிடும், அதனால் சாதாரண லினனே போட்டார்கள்.

டிரேசிங் தாளில் 1–2 மி.மீ. இடைவெளியில் துளையிட்டு, கரித்தூளை மெல்லிய துணிமுடிச்சால் ஒற்றுங்கள். தூளை ஊதிவிட்டு, மெல்லிய கோடாக வரையுங்கள். மறுபக்கத்துக்கு அதே தாளைத் திருப்பிப் போட்டால் கொடி சரியாக எதிரெதிரே வரும். ஆரி எம்பிராய்டரிக் கடைகளில் டிசைன் பதிக்கும் மண்ணெண்ணெய்க் கலவை வேண்டாம், வெளிர் பட்டில் கறை நிற்கும்.

பதில் 2: சுருக்கம் விழுவதுதான் பெரிய தொல்லை. பின்னால் லினன் வைத்து, சட்டத்தில் முரசுபோல் இறுக்குங்கள். இதழ்களுக்கு முறுக்காத பட்டு நூலில் நீள-குறுந்தையல் (நீளமும் குட்டையுமாக மாறி மாறிப் போடும் தையல்). நூல் 40 செ.மீ.க்கு மேல் போனால் பிசிறும்.

பதில் 3: பொத்தான் 18 மி.மீ. என்றால் உறை வட்டம் ஏறத்தாழ 34 மி.மீ.; பூ நடுவே 14 மி.மீ.க்குள் அடங்கட்டும், இல்லையேல் விளிம்பில் மடங்கிவிடும். சமிக்கி நடுவில் சின்ன ஜர்தோசித் துண்டு (சுருள் உலோகக் கம்பி) வைத்தால் நூல் தெரியாது. காஜா வரும் இடத்தில் மட்டும் சமிக்கி வேண்டாம்.