புதுப்பிப்பு: ரத்துக் கட்டணம் இல்லாமல் முழுப் பணமும் வந்துவிட்டது

அப்பத்தாவைக் காரைக்குடியிலிருந்து டெல்லிக்குக் கூட்டிப் போக எடுத்த டிக்கெட்டில், திருச்சி விமானத்தின் நேரத்தை விமான நிறுவனம் மாற்றிவிட்டதால் சென்னையில் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியாது என்று எழுதியிருந்தேன். ஆப்பில் 'ரத்து' தொட்டால் கட்டணம் கழிப்பதாகவே காட்டியது. அதைத் தொடவில்லை. விமான நிறுவனத்திடம் போனில் பேசி, "நேரத்தை மாற்றியது நீங்கள்தான், இணைப்பு விமானம் தவறுகிறது; மாற்று விமானம் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணம்" என்று கேட்டோம். சரி என்றார்கள். கார்டுக்கே வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி இணைப்பு தவறும்படி நேரம் மாறினால், தயவுசெய்து நீங்களாக ரத்து செய்யாதீர்கள், புது நேரத்துக்குச் சம்மதமும் தட்டாதீர்கள். இரண்டுமே உங்கள் விருப்பமாகக் கணக்காகிவிடும். நேர மாற்ற மெசேஜை அழிக்காதீர்கள். நிறுவனம் மறுத்தால், விமானப் பயணிகளின் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் கொடுக்க அது வேண்டும்.

அப்புறம், அப்பத்தாவைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கூட்டிப் போய் அங்கிருந்து நேராக டெல்லிக்குப் பறக்கிறோம்.