ஜூஜூ வாட்கின்ஸை 22 வயது வரை காத்திருக்க வைப்பது நியாயமா?

மூன்றுபுள்ளி:
தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்சி) கூடைப்பந்து வீராங்கனை ஜூஜூ வாட்கின்ஸ் 2025-26 பருவம் முழுவதும் ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 2025 மார்ச் 24 அன்று, சொந்த அரங்கான கேலன் சென்டரில், மிசிசிப்பி ஸ்டேட் அணிக்கு எதிரான என்சிஏஏ (தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப்) போட்டியின் முதல் கால் பகுதியிலேயே அவருடைய முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை என்று ஏபி, நெய்ஸ்மித், வூடன் என மூன்று பெரிய விருதுகளும் அவருக்கே வந்தன.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 14 அன்று, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவின் அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தது. இரண்டாம் இடத்தில் சியாட்டில் ஸ்டார்ம் அணி பிரான்ஸின் டொமினிக் மலோங்காவைத் தேர்ந்தெடுத்தது. மலோங்கா பிறந்தது 2005 நவம்பரில். ஜூஜூ பிறந்தது 2005 ஜூலையில். மூத்தவருக்கு அனுமதி இல்லை, இளையவருக்கு உண்டு! காரணம், 2025இல் இருந்த விதிப்படி அமெரிக்கக் கல்லூரி வீராங்கனை டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் 22 வயதை எட்ட வேண்டும், அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும், அல்லது பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்த ஆண்டில் 20 வயது ஆனால் போதும். ஆண்களின் என்பிஏவில் 19 வயதும் பள்ளி முடித்து ஓராண்டும் போதும். ஜூஜூ ஆணாக இருந்திருந்தால் 2024 கோடையிலேயே தொழில்முறை ஆட்டக்காரராகியிருப்பார். அந்த விதிப்படி அவர் 2027 வரை காத்திருக்க வேண்டும். இந்த விதி ஒழிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெய்தல்:
விதியைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 2024 டிராஃப்டில் முதலிடத்தில் எடுக்கப்பட்ட கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டு அடிப்படை ஊதியம் 76,535 டாலர். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் வந்தது. ஜூஜூவோ 2024 அக்டோபரில் நைக்கியுடன் பல ஆண்டு ஒப்பந்தமே செய்துவிட்டார். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்குப் போகும் என்றாலும், ஜூஜூ போன்ற நட்சத்திரத்துக்குக் கல்லூரியில் வருமானம் குறைவில்லை.

அடுத்தது இடம். 2025இல் டபிள்யூஎன்பிஏவில் 13 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். நாட்டிலேயே 156 இடங்கள். டிராஃப்டில் பெயர் வந்தவர்களே பயிற்சி முகாமில் நீக்கப்பட்டு வீடு திரும்புகிறார்கள். கதவைத் திறந்துவிட்டால் ஜூஜூவுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அவரைப் பார்த்து இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிடும் மற்ற பெண்கள் என்ன ஆவார்கள்?

மூன்றுபுள்ளி:
நெய்தல், நீங்கள் சொன்ன கணக்கு டபிள்யூஎன்பிஏ ஊதியம் கேவலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று. அதற்கு ஊதியத்தை உயர்த்த வேண்டும், வாசலைப் பூட்டுவது எப்படித் தீர்வாகும்? 2025 ஜூலை மாதம், லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் வீராங்கனைகள் எல்லோரும் 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்று எழுதிய சட்டையோடு வந்து நின்றார்கள். லீக்குக்கும் வீராங்கனைகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 31 அன்று முடிவதாக இருந்தது. வயது விதியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

ஆடுகளம்72:
இருவரும் டிராஃப்டையும் டாலரையும் விட்டு நகரவே இல்லை. ஜூஜூ ஏன் யூஎஸ்சிக்குப் போனார் என்பதையும் பாருங்கள். இறுதிப் பட்டியலில் ஸ்டான்ஃபோர்டும் தென் கரோலினாவும் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு 2021 சாம்பியன், தென் கரோலினா 2022 சாம்பியன். யூஎஸ்சி கடைசியாகக் கோப்பை வென்றது 1984இல், நட்சத்திர வீராங்கனை செரில் மில்லர் காலத்தில். அப்படியிருந்தும் அவர் சொந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியைச் சேர்ந்தவர். 1965இல் அங்கே கலவரம் வெடித்த அதே ஆண்டில், அந்த மக்களின் வேலைக்கும் வீட்டுக்கும் வாழ்வுக்கும் பாடுபட ஓர் அமைப்பைத் தொடங்கிய டெட் வாட்கின்ஸ் இவருடைய கொள்ளுத் தாத்தா. அந்தப் பகுதியில் ஒரு பூங்காவே அவர் பெயரில் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் ஆடி, முதல் ஆண்டிலேயே அணியை 1994க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுவந்தார். இரண்டாம் ஆண்டில், யூஎஸ்சி ஆடும் பிக் டென் என்ற கல்லூரிக் குழுவின் பருவப் பட்டம். இதை வெறும் காத்திருப்பு என்று சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருதம்:
பள்ளிப் பெண்களுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி தருகிறவள் என்ற முறையில் எனக்கு வேறு கவலை.

2024 பிப்ரவரி 2, ஸ்டான்ஃபோர்டின் அரங்கில் யூஎஸ்சி 67-58 என்று வென்றது. அந்த 67இல் 51 புள்ளிகள் ஜூஜூ ஒருவருடையவை! பதினெட்டு வயது. 11 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அவரே எடுத்தார். அந்தப் பருவம் முடியும்போது 920 புள்ளிகள். முதலாண்டு மாணவிக்கான தேசியச் சாதனை. அதற்கு முன் டினா ஹட்சின்சன் 1983-84இல் எடுத்த 898தான் நாற்பது ஆண்டுகளாக உச்சமாக நின்றது. ரசிகர்கள் கைதட்டுகிறார்கள், நானும் தட்டினேன். ஆனால் அணியின் சுமையை ஒரு மாணவியின் உடம்பில் இப்படி ஏற்றியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் காயம் பல மடங்கு அதிகம். இடுப்பின் அமைப்பு, குதித்துத் தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்குவது, தொடையின் பின்தசை வலுக்குறைவு என்று பல காரணங்கள் சேர்கின்றன. தரையிறங்கும் முறையையும் தசை வலுவையும் சரியாகப் பழக்கினால் இந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். எத்தனை பள்ளிகளில் அதைச் சொல்லித் தருகிறார்கள்? வயது 19 ஆனாலும் 22 ஆனாலும் முழங்கால் அதே முழங்கால்தான்.

ஆடுகளம்72:
மருதம் அம்மா, சுமை பற்றிச் சொன்னது முதல் ஆண்டுக்குப் பொருந்தும். இரண்டாம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிகி இரியாஃபென் வந்து சேர்ந்தார். ஜூஜூ தூக்கிச் செல்லப்பட்ட அதே ஆட்டத்தில் அவர் 36 புள்ளிகள் எடுத்தார். யூஎஸ்சி 96-59 என்று வென்றது. பயிற்சியாளர் லிண்ட்சே காட்லீப் அணியைப் பலப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது.

மருதம்:
பலப்படுத்தினார், மறுக்கவில்லை. அதற்குப் பிறகும் ஜூஜூவின் சராசரி ஆட்டத்துக்கு 24 புள்ளிகளை ஒட்டியே இருந்தது. அதே நகரத்துப் பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவை வென்ற நாளில் 38 புள்ளிகளோடு 8 தடுப்புகளும் அவருடையவை. தாக்குதலும் தற்காப்பும் ஒரே ஆளிடம் என்றால் அந்த உடம்புக்கு ஓய்வு எப்போது?

நெய்தல்:
ஓய்வு என்ற சொல்லிலிருந்தே என் வாதத்தைத் தொடர்கிறேன். தொழில்முறைக்குப் போனால் ஓய்வு கிடைக்குமா? 2025இல் கல்லூரி இறுதி ஆட்டம் ஏப்ரல் 6. எட்டு நாளில் டிராஃப்ட். மே 16 அன்று டபிள்யூஎன்பிஏ பருவம் தொடங்கிவிட்டது, அணிக்கு 44 ஆட்டங்கள். கிளார்க் தம் இரண்டாம் ஆண்டான 2025இல் காயங்களால் 13 ஆட்டங்கள்தான் ஆடினார்.

பெய்ஜ் பெக்கர்ஸின் கதையையும் பாருங்கள். 2022 ஆகஸ்டில் அவருக்கும் இதே ஏசிஎல். ஒரு பருவம் முழுவதும் யூகான் கல்லூரியிலேயே அமைதியாக உட்கார்ந்து தேறினார். திரும்பி வந்து 2025 கோப்பையை வென்று டிராஃப்டில் முதலிடம் பெற்றார். ஒப்பந்தம் போட்ட அணியின் நெருக்கடி இல்லாமல், ஓர் ஆண்டு ஆடமாட்டேன் என்று சொல்லும் நிம்மதியைக் கல்லூரி ஜூஜூவுக்கும் தந்திருக்கிறது.

மூன்றுபுள்ளி:
தந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். ஆடுகளம் அண்ணா சொன்னதுபோல் ஊர்ப்பாசத்தால் தங்கியிருந்தால், கதவு திறந்திருந்தாலும் தங்கியிருப்பார். பிறகு பூட்டு எதற்கு? செரில் மில்லர் 1986இல் யூஎஸ்சியை விட்டு வெளிவந்தபோது டபிள்யூஎன்பிஏ என்ற ஒன்றே இல்லை. அது 1997இல்தான் முதல் ஆட்டத்தை ஆடியது. மில்லரின் ஆட்டம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முழங்கால் காயத்தோடு முடிந்துவிட்டது. பெண்களின் உச்சகால ஆட்டம் எவ்வளவு குறுகியது என்று இந்தக் கல்லூரிக்கே நன்றாகத் தெரியும்.

நெய்தல்:
சமத்துவம்தான் கோரிக்கை என்றால் வெளிநாட்டவருக்கும் 22 என்று ஆக்கலாமே. எல்லோரும் முதிர்ச்சியோடு வரட்டும்.

மூன்றுபுள்ளி:
அதை ஐரோப்பா ஏற்காது. மலோங்கா சியாட்டிலுக்கு வருவதற்கு முன்பே பிரான்ஸில் தொழில்முறை அணியில் ஆடியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவிடம் ஒரே புள்ளியில், 67-66 என்று தோற்ற அணியில் 18 வயதில் இருந்தவர். அவரை இன்னும் இரண்டு ஆண்டு காத்திரு என்று எந்த முகத்தோடு சொல்வது? எல்லோருக்கும் 20 என்று வையுங்கள். நீங்கள் கவலைப்படும் அந்த மற்ற பெண்களுக்காக, டிராஃப்டில் எடுக்கப்படாதவர் கல்லூரிக்குத் திரும்பலாம் என்ற விதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

நெய்தல்:
திரும்பும் உரிமை எழுத்தில் இருந்தால் என் எதிர்ப்பில் பாதி குறையும். மீதிப் பாதி அந்த 156 இடங்கள். அணிகள் கூடாமல் வயதை மட்டும் குறைப்பதற்கு என் ஆதரவு கிடையாது.

மருதம்:
அந்த ஒப்பந்தத்தில் புதுமுகங்களுக்கு மே மாதம் முழுவதும் ஓய்வு என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். 20 வயதில் வந்தாலும் 22இல் வந்தாலும் அது தேவைப்படும்.