ஜேர்சியில நெஞ்சு முழுக்க விளம்பரம்: விடலாமா?

வெள்ளவத்தை விங்கர்:
எங்கட உதைபந்தாட்டக் கழகத்துக்கு அடுத்த சீசனுக்கு ஒரு ஸ்பொன்சர் வாறார். நெஞ்சு முழுக்கத் தன்ர கம்பனிப் பேர் வேணுமாம், கழகச் சின்னத்தைக் கைக்கு மாத்தட்டாம். பெரிய அணிகளே விளம்பரம் போடுறது சரியா எண்டு குழுவுக்குள்ள வாக்குவாதம். போடுறதெண்டா எங்க, எவ்வளவு பெருசா?

மூன்றாம் நடுவர்:
கழக அணி போடலாம். சின்னத்தை மட்டும் அசைக்க விடாதேங்கோ. நாட்டு அணியின் கதை வேற: ஃபிஃபா உலகக் கிண்ணத்தில் நாட்டு ஜேர்சிகளில் ஸ்பொன்சர் விளம்பரமே கிடையாது. ஐ.சி.சி. எண்ட சர்வதேசக் கிரிக்கெட் பேரவையின் உலகக் கிண்ணத்தில் நெஞ்சில் நாட்டின் பெயர், ஸ்பொன்சர் கைக்குப் போவார். இந்த ஒழுங்குதான் சரி.

அளவை அங்குலத்தில் எழுதி ஒப்பந்தத்தில் சேருங்கோ. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2017-18 இல் அனுமதித்தது இரண்டரை அங்குலச் சதுரம்தான். 2020 இல் கொரோனா நட்டத்துக்காக ஐ.சி.சி. டெஸ்ட் சட்டையின் நெஞ்சில் விட்டது கூடியது 32 சதுர அங்குலம், அதாவது 8க்கு 4. உங்களுக்கும் அதுக்கு மேல தேவையில்லை.

புறக்கோட்டை பிரிண்ட்:
நெஞ்சு முழுக்க எண்டா அச்சிலும் பிரச்சினை. வைனில் எண்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் அந்த இடத்தில காத்துப் போகாது. கொழும்புப் புழுக்கத்துக்கு வேர்வை உள்ளேயே நிக்கும், கழுவக் கழுவ ஓரம் கிளம்பும். பெரிய இலச்சினைக்கு, மையைச் சூட்டால துணிக்குள்ளேயே ஏத்துற சப்ளிமேஷன்தான் நல்லது: முழுப் பொலியெஸ்டர் வெள்ளைத் துணியில, தைக்க முதல், 200 பாகை செல்சியஸ் அளவில 45 முதல் 60 செக்கன். வெள்ளை மை இல்லாததால கடும் நிறத் துணியில எடுபடாது. பிறகு ஸ்பொன்சர் மாறினா அழிக்கவும் ஏலாது, புதுசா அடிக்கத்தான் வேணும்.

சிவப்புப் பொலியெஸ்டரில வெள்ளை எழுத்து ஒட்டினா, துணியின் சாயம் சூட்டுக்கு மேல ஏறி எழுத்து ரோஸ் நிறமாகும். சாயத்தை மறிக்கிற அடிப்படை உள்ள, குறைஞ்ச சூட்டில ஒட்டுற வைனில் கேளுங்கோ. இலச்சினையை, எவ்வளவு பெருப்பிச்சாலும் பிசிறாத வெக்டர் ஃபைலாகவே வாங்குங்கோ. வட்ஸ்அப்பில வாற படத்தைப் பெருப்பிச்சா ஓரமெல்லாம் பிசிறும்.

கிழக்கு கலரி:
இடத்தையும் அளவையும் விட, யாருடைய பேர் எண்டதுதான் எனக்கு முக்கியம். மது, புகையிலை எண்டா பேச்சே இல்லை, இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அந்த விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுக்குது. சூதாட்டக் கம்பனியையும் சேர்க்காதேங்கோ. இங்கிலாந்து பிரீமியர் லீக் கழகங்களே 2025-26 சீசன் முடிவோட அவர்களை நெஞ்சிலிருந்து எடுக்க 2023 இல் இணங்கின. கைக்குத் தடை போடாமல் விட்டது பெரிய குறை.

ஒப்பந்தத்தில இன்னும் இரண்டு வரி வேணும். மனச்சாட்சிக்கு ஒவ்வாத இலச்சினையை வீரர் மறுக்கலாம். கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா பியர் இலச்சினை இல்லாத ஜேர்சியோடதான் தென்னாபிரிக்காவுக்கு ஆடினவர். அடுத்தது, அச்சடிக்க முதல் பாதிக் காசு கைக்கு வரவேணும். 2025 ஆகஸ்டில் இணையத்தில காசு கட்டி விளையாடுறதைத் தடுத்த புதுச் சட்டத்தால ஸ்பொன்சர் ட்ரீம்11 விலக, இந்தியக் கிரிக்கெட் அணி ஆசியக் கிண்ணத்தை ஸ்பொன்சர் இல்லாமலே ஆடினது. அவர்கள் தாங்குவினம். சின்னக் கழகத்துக்கு அச்சுக்கூலியே கடனாகும்.

மூன்றாம் நடுவர்:
முதுகில இலக்கத்தைச் சுத்தி வெறுமையா விடுங்கோ. விளம்பரம் முட்டினால் நடுவருக்கு இலக்கம் தெரியாது.