விமான எஞ்சின் பாகம்: புதுச்சேரி பட்டறைகள் இப்போதே இறங்கலாமா?

சேதராப்பட்டு சிஎன்சி:
ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்கள் பலவற்றுக்கும் போயிங் 737 மேக்ஸுக்கும் போவது லீப் எஞ்சின். அதைச் செய்யும் சிஎஃப்எம் நிறுவனம் 2023-ல் 1,570 எஞ்சின் கொடுத்தது. 2024-ல் 1,407 தான். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, பாகம்தான் வரவில்லை. கார் பாகத்தையே நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? கடன் வாங்கியாவது ஐந்து அச்சில் திரும்பிக் கடையும் (5-axis) மெஷின் போட வேண்டிய நேரம் இது.

முதுநகர் க்யூசி:
அண்ணே, எந்தப் பாகம் வரவில்லை என்று பாருங்கள். பெரிய முடை வார்ப்பிலும், உலோகத்தை அழுத்தி உருவாக்கும் ஃபோர்ஜிங்கிலும். டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயு, அந்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. அதனால் நிக்கல் கலவையை ஒற்றைப் படிகமாக வார்த்து, உள்ளே குளிர்காற்றுக்கு வழி விடுகிறார்கள். அதைச் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். நாம் மெஷின் வாங்குவதால் அந்த முடை தீராது.

சேதராப்பட்டு சிஎன்சி:
பிளேடு நமக்கு வேண்டாம் தம்பி. பிராக்கெட், புஷ் (துளைக்குள் பொருத்தும் வளையம்), குழாய் இணைப்பு இதெல்லாம் யாராவது கடைந்துதானே ஆக வேண்டும்? ஹைதராபாத்தில் சிஎஃப்எம்மின் பங்காளி சாஃப்ரான் லீப் பாகங்களுக்கென்றே ஆலை போட்டிருக்கிறது. அதுபோன்ற ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் எடுக்கலாம்.

பாகூர் டிப்ளமோ:
ராணுவ, விமானத் தொழிலுக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சிதான் இருக்கின்றன. கடலூரும் இல்லை, புதுச்சேரியும் இல்லை. என்னோடு படித்தவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள். சேதராப்பட்டு அண்ணன் சொல்வது நடக்கட்டும்.

முதுநகர் க்யூசி:
நடக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் ஏ320 நியோவுக்கே இன்னொரு எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி கதையை மறக்காதீர்கள். 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த எஞ்சின்களில், வேகமாகச் சுழலும் டிஸ்க்குக்கான உலோகப் பொடியில் மாசு. விரிசல் விடலாம் என்று 2023-ல்தான் வெளியே சொன்னார்கள். நம் இண்டிகோ விமானங்களே வரிசையாகத் தரையில் நின்றன. புஷ் சின்னதுதான், ஆனாலும் அதைக் கடைந்த கம்பி எந்த ஹீட்டில் (எந்தத் தடவை உருக்கிய உலோகத்தில்) வந்தது, யார் அளந்தார் என்று பல வருஷம் கழித்துக் கேட்டாலும் காகிதம் காட்ட வேண்டும். முதலில் விமானத் தொழிலுக்கான ஏஎஸ்9100 தரச் சான்றிதழ், பாகத்தை நுட்பமாக அளவெடுக்கும் சிஎம்எம் கருவி. மெஷின் அப்புறம்.

சேதராப்பட்டு சிஎன்சி:
ஆர்டரே இல்லாமல் சான்றிதழுக்கு யார் பணம் போடுவது? மெஷின் இருந்தால் கார் வேலையாவது ஓடும், வட்டி கட்டலாம். வெறும் சான்றிதழ் வட்டி கட்டாது.

முதுநகர் க்யூசி:
சான்றிதழ் இல்லாத பட்டறைக்கு விலை கேட்டுக் கடிதமே வராது, அண்ணே. நாலு பட்டறை சேர்ந்து ஒரு சிஎம்எம் வாங்குங்கள், செலவு பிரியும். அளக்கிற வேலைக்கு நான் வருகிறேன்.