பிரான்ஸ், அவசரம்: அப்பாவின் 'ஆப்பா' (முதியோர் பராமரிப்பு உதவிப்பணம்) டொசியே (விண்ணப்பக் கோப்பு), மூன்று மாதமாகப் பதில் இல்லை

நெல்லியடியான் | ஞாயிறு, இரவு 11.40
வணக்கம். அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு ஆள் எடுக்கலாம் என்று சொன்னார்கள், டொசியே போட்டேன். மூன்று மாதம், ஒரு பதிலும் இல்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பிரிஃபெக்சூரில் வரிசையில் நின்றால், எங்கள் அலுவல் இல்லை என்கிறார்கள். மேரியில் (நகரசபை) கேட்டால் 'டிபார்த்மோன்' (மாவட்டம்) என்கிறார்கள். டிபார்த்மோன் என்றாலே பிரிஃபெக்சூர்தானே? யாரிடம் போய்க் கத்துவது?

சுபா அக்கா | 11.52
தம்பி, அப்பாவுக்கு எத்தனை வயது? எந்த டிபார்த்மோன்? என்ன காட் (வதிவிட அட்டை)? டொசியேயில் என்னென்ன வைத்தீர்கள்? இது ஒன்றும் சொல்லாமல் கேட்டால் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

றெக்கொமாந்தே ராசா | திங்கள், காலை 6.15
சாதாரணத் தபாலில் போட்டிருப்பீர்கள். இந்த நாட்டில் றெக்கொமாந்தே (பதிவுத் தபால்) இல்லாத கடிதம் கடிதமே இல்லை. எல்லாவற்றையும் கொப்பி எடுத்துத் திரும்ப அனுப்புங்கள்.

குளிர்காலப்பறவை | 7.03
காட் பிரச்சினையாக இருக்கும். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் கடைசியில் காட்தான் பிரச்சினை.

பாண்டி பெரியவர் | 8.20
இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். யாரும் தேடிப் படிப்பதில்லை. போகட்டும்.
பிரிஃபெக்சூர் அரசாங்கத்தின் அலுவலகம். பிரிஃபேயை மேலிருந்து நியமிக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது கொன்செய் டிபார்த்மொந்தால் (மாவட்ட மன்றம்). அது மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம். 2015 முதல் ஒவ்வொரு கன்தோனிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகத்தான் நிற்க முடியும். பதவிக்காலம் ஆறு வருடம். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் அப்பாவின் முடிவும் அந்தத் தலைவரின் பெயரில்தான் வரும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைப் பாதுகாப்பு, கொலேஜ் (நடுநிலைப் பள்ளி) கட்டடங்கள், 'டி' என்று இலக்கம் போட்ட சாலைகள், ஆர்.எஸ்.ஏ (வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி) பணம், எல்லாம் அவர்களுடையது. லிசே (மேல்நிலைப் பள்ளி) ரெஜியோனுக்கு (பிராந்தியம்), சின்னப் பள்ளிக்கூடம் மேரிக்கு.
1982 வரை பிரிஃபேதான் இதையும் நடத்தினார். அதாவது உங்கள் குழப்பத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

நெல்லியடியான் | 8.31
நன்றி ஐயா. அந்தக் கந்தோர் எங்கே இருக்கிறது?

பாண்டி பெரியவர் | 8.34
கன்தோன் தம்பி, கந்தோர் இல்லை. கன்தோன் என்றால் தேர்தல் தொகுதி. கட்டடம் அல்ல.

குளிர்காலப்பறவை | 9.10
அப்படியென்றால் பிரிஃபே இலங்கையில் எங்கள் ஊர் ஜி.ஏ. (அரசாங்க அதிபர்) மாதிரி, கொன்செய் மாகாண சபை மாதிரி. இப்படி முதலே சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்.

பாண்டி பெரியவர் | 9.25
தவறு. மாகாண சபை நியதிச்சட்டம் இயற்றும். கொன்செய்க்குச் சட்டம் போடும் வேலை இல்லை. பிரிஃபேயைக் கலெக்டர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

வடலி | 9.41
மாகாண சபை பற்றி வகுப்பு எடுக்காதீர்கள் ஐயா. வடக்கில் 2013இல் ஒருமுறை தேர்தல் நடந்தது. அதன் கதை எங்களுக்குத் தெரியும். அப்புறம், ஆர்.எஸ்.ஏ எல்லா இடத்திலும் டிபார்த்மோன் பணம் இல்லை. 93இல் (சென்-சன்-டெனி டிபார்த்மோன்) 2022 முதல் அரசே பொறுப்பு எடுத்திருக்கிறது.

பாண்டி பெரியவர் | 9.50
அது ஒரு பரிசோதனைத் திட்டம். விதிவிலக்கை வைத்து விதியை உடைக்காதீர்கள்.

வடலி | 9.52
'எல்லாம்' என்று எழுதியது நீங்கள்.

குளிர்காலப்பறவை | 10.05
பத்து வருசக் காட்டுக்காரர் இந்தக் கொன்செய்க்கு வாக்குப் போடலாமா?

வடலி | 10.12
முடியாது. பிரெஞ்சு நஷனாலித்தே (குடியுரிமை) வேண்டும். வாக்கு உள்ளவர்களும் போகிறார்களா என்ன? 2021 ஜூனில் மூன்றில் ஒருவர்தான் போட்டார். நானும் அன்றைக்குக் கலியாண வீட்டில் நின்றேன், பொய் சொல்லக் கூடாது.

றெக்கொமாந்தே ராசா | 10.20
எதற்கும் கவனம். ஆப்பா எடுத்தால் அப்பாவுக்குப் பிறகு வீட்டை எழுதி எடுத்துவிடுவார்கள்.

சுபா அக்கா | 12.30
ராசா, பயப்படுத்தாதீர்கள். ஆப்பாவைப் பிள்ளைகளிடமோ சொத்திலோ திருப்பிக் கேட்பதில்லை. முதியோர் இல்லச் செலவுக்குக் கொடுக்கும் சமூக உதவியைத்தான் பிறகு சொத்தில் கழிப்பார்கள். இரண்டையும் குழப்பிப் பல பேர் விண்ணப்பமே போடாமல் இருக்கிறார்கள்.
நெல்லியடியான், நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

நெல்லியடியான் | மாலை 7.45
மன்னிக்கவும், வேலை. அப்பாவுக்கு 74. பாரிஸ் இல்லை, சுற்றுப்பகுதி, எது என்று இங்கே போடவில்லை. பத்து வருசக் காட். என் வீட்டில் இருக்கிறார். காட் கொப்பி, றிப் (வங்கிக் கணக்கு விவரம்), என் அவி திம்போ (வரிக் கணக்குத் தாள்) எல்லாம் வைத்தேன். டொசியே போனது டிபார்த்மோனுக்குத்தான், விலாசம் ஃபோமில் அச்சடித்திருந்தது. பிரிஃபெக்சூரும் அதுவும் ஒன்று என்று நினைத்துத்தான் அங்கே போனேன்.

சுபா அக்கா | 7.58
யாருடைய அவி?

நெல்லியடியான் | 8.01
என்னுடையது. அப்பாவுக்கு வருமானம் இல்லையே.

சுபா அக்கா | 8.15
அங்கேதான் சிக்கியிருக்கிறது. அப்பாவின் பெயரில் அவி வேண்டும். வருமானம் இல்லை என்றாலும் பூச்சியம் போட்டு அவர் தனியாக டெக்லறேசன் (வருமான அறிவிப்பு) கொடுக்க வேண்டும், அப்போதுதான் 'வரி இல்லை' என்று தாள் வரும். அதைப் பார்த்துத்தான் அவர் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். வருமானம் குறைவென்றால் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.
டொசியே முழுமையான நாளிலிருந்து இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், முடிவு வரும்வரை ஒரு நிலையான தொகை கிடைத்ததாகக் கணக்கு. ஆனால் உங்கள் டொசியே முழுமையாகவில்லை, மணிக்கூடு ஓடவே தொடங்கவில்லை. குறைத் தாள் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும், அப்பாவின் பெயரில். வீட்டில் தபாலை யார் எடுப்பது?

இன்னொன்று. பிறகு வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள்: குளிப்பது, உடுப்பது, எழும்புவது, மலசலகூடம் போவது. ஜிர் என்ற தரம் 1 (எல்லாவற்றுக்கும் துணை வேண்டும்) முதல் 6 (எல்லாம் தானே செய்வார்) வரை போடுவார்கள், 1 முதல் 4 வரைதான் ஆப்பா. எங்கள் அம்மா அன்றைக்கென்று விடியவே எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து நல்ல சேலை கட்டி, வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "எல்லாம் நானே செய்வேன்" என்று சிரித்தார். ஜிர் 5. மாமா மொழிபெயர்க்கப் போனவர், அவரும் பெருமையாகத் தலையாட்டினார். பிறகு தலைவருக்கு இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபணைக் கடிதம் எழுதி, திரும்ப வந்து பார்த்துத்தான் 4 ஆனது. அப்பாவிடம் முதலே சொல்லி வையுங்கள்.

வடலி | 8.30
கிடைத்தால் மகனையே வேலைக்கு எடுக்கலாம், சட்டம் விடுகிறது. கணவன், மனைவி, சேர்ந்து வாழும் துணையை மட்டும்தான் முடியாது.

றெக்கொமாந்தே ராசா | 8.33
அவியை றெக்கொமாந்தேயில் அனுப்புங்கள்.

நெல்லியடியான் | புதன், காலை 6.50
கடிதம் கிடைத்தது. கோயில் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், பக்கத்தில் பீட்சா விளம்பரம். படம் போட்டிருந்ததால் இதுவும் விளம்பரம் என்று நினைத்தாராம். அவி இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. இன்றைக்கு இம்போவுக்கு (வரி அலுவலகம்) போகிறேன். நன்றி அக்கா.

சுபா அக்கா | மூன்று கிழமைக்குப் பிறகு
தம்பி, அவி வந்ததா? ஆட்கள் வந்து பார்த்தார்களா?

மழைக்கால மருமகள் | அடுத்த நாள்
என் மாமியாருக்கும் போட வேண்டும். நாங்கள் பாரிஸ் 18. எங்கள் கொன்செய் டிபார்த்மொந்தால் எங்கே இருக்கிறது?

பாண்டி பெரியவர் | அடுத்த நாள்
பாரிஸில் அப்படித் தனியாக ஒன்று இல்லை. 2019 முதல் நகரமும் டிபார்த்மோனும் ஒரே நிர்வாகம், கொன்செய் து பரிதான் (பாரிஸ் மன்றம்) இரண்டுக்கும். இதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.
மாமியாருக்கு எத்தனை வயது?