அம்மா சொல்கிறார் என்று ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி (கோத்தகிரி)
அரவேணு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. இலை விலையை நம்ப முடியாது என்பதால் ஒரு ஃபேக்டரியில் கணக்கும் எழுதுகிறேன். தாய்மாமா மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு ஓட்ட மினி லாரி வாங்குகிறார். கடனுக்கு நான் ஜாமீன் நிற்க வேண்டுமாம். பழைய கடனையே அவர் இன்னும் கட்டி முடிக்கவில்லை. என்னிடம் நேராகக் கேட்காமல் அம்மாவைப் பிடித்துவிட்டார். நான் இழுத்ததும் அம்மா, "தாயைக் கனம்பண்ணுன்னு உன் பைபிள்லதானே இருக்கு?" என்கிறார். அப்பா போனபின் அடுத்தவர் தோட்டத்தில் இலை பறித்து என்னை வளர்த்தவர். மறுத்தால் பாவமா?

பதில் 1 (குன்னூர்)
ஸ்தோத்திரம் பிரதர். யோசிக்கவே வேண்டாம், கீழ்ப்படியுங்கள். இயேசுவே பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார், லூக்கா 2:51.

பதில் 2 (கொடைக்கானல்)
தம்பி, நான் ரிட்டயர்டு டீச்சர், கத்தோலிக்கர். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் உங்களுக்கு ஐந்தாவது, எங்களுக்கு நான்காவது, கட்டளை ஒன்றுதான். குன்னூர்க்காரர் சொன்ன இடத்தில் இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. சம்பளம் வாங்கி வீட்டை நடத்துகிறவருக்கு நான் வேறொரு இடத்தைக் காட்டுவேன்: 1 அரசர் 2 (உங்களுக்கு 1 இராஜாக்கள்).

சாலொமோன் ராஜாவின் அண்ணன் அதோனியாவுக்கு, அப்பா தாவீதைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொண்ட அபிசாகைக் கட்டிக்கொள்ள ஆசை. ராஜாவிடம் நேரில் கேட்கத் துணிவில்லாமல் சாலொமோனின் அம்மா பத்சேபாளை அனுப்புகிறான். உங்கள் மாமா செய்ததேதான்! அம்மாவைக் கண்டதும் சாலொமோன் எழுந்துபோய் வணங்கி, வலதுபக்கம் ஆசனம் போட்டு உட்காரவைக்கிறார். கேளுங்கள், மறுக்கமாட்டேன் என்றுகூடச் சொல்கிறார். விஷயத்தைக் கேட்டதும் முடியாது என்றுவிட்டார். (அப்புறம் அதோனியாவைக் கொல்லச் சொல்லிவிட்டார், அது மாமாவுக்கு வேண்டாம்.) யாக்கோபைப் பாருங்கள், அம்மா ரெபெக்காள் சொன்னபடியே அப்பாவை ஏமாற்றினான், கடைசியில் ஊரைவிட்டே ஓடினான்.

கடனுக்குப் பிணை நிற்காதே, கட்ட வழியில்லாவிட்டால் உன் படுக்கையையே எடுத்துப்போவார்கள் என்று நீதிமொழிகள் 22-இல் இருக்கிறது. உங்கள் வீட்டில் போவது அம்மா படுத்திருக்கும் கட்டிலாகவும் இருக்கலாம்.

ஆனால் மறுத்துவிட்டு நீதிமான்போல உட்கார்ந்துவிடாதீர்கள். காணிக்கை என்று சாக்குச் சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொள்கிறார். அம்மாவின் மருந்து, கம்பளி, கையில் கொஞ்சம் பணம், இவற்றில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நானும் மகன் வீட்டில் இருப்பவள். கேட்டது கிடைக்காவிட்டால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். என் எதிரில் அவன் குரலை உயர்த்தினால்தான் ஆறாது.

கேள்வி கேட்டவர்
நன்றி டீச்சர். ஆனால் மாமாவிடம் ஏற்கெனவே சரி என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். இப்போது எந்த முகத்தோடு இல்லை என்பார்?

பதில் 2
அவரைச் சொல்லவைக்காதீர்கள். மாமா வீட்டுக்கு நீங்களே போங்கள். "அம்மா உங்களுக்காக எவ்வளவோ பேசினாங்க, நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்று அத்தை காதிலும் விழும்படி சொல்லுங்கள். கோபம் உங்கள்மேலேயே இருக்கட்டும்.