லிப்பிட்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அன்புடையீர், வணக்கம். சனிக்கிழமை எங்கள் வட்டார சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர்களுக்கு ஓர் அறிவியல் பேச்சு: கொழுப்பும் செல் சவ்வுப் பொருளும் அடங்கிய லிப்பிட் (lipid) என்ற மூலக்கூறு வகை செல்லுக்குள் எப்படி உருவாகிறது என்பது பற்றி. பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள், கையேடு தமிழில். இரண்டிரண்டு கார்பனாக நீண்டு 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் என்னும் கொழுப்பு அமிலம் உருவாவது வரை எழுதிவிட்டேன். கிளிசராலோடு இரண்டு கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த டைஅசைல்கிளிசராலில் மாட்டிக்கொண்டேன். அங்கேதான் வழி பிரிகிறது: இன்னொரு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் சேமிப்புக் கொழுப்பு, பாஸ்பேட்டோடு கோலின் சேர்ந்தால் செல் சவ்வுக்கான பொருள். இரண்டுக்கும் பொதுவாகக் 'கொழுப்பு' என்று போட்டால் சவ்வும் தொப்பையும் ஒன்றாகிவிடுகிறது. 'உனக்குக் கொழுப்புடா' என்று பிள்ளைகள் சிரிக்கவும் சிரிப்பார்கள்.
(உட்லண்ட்ஸ்)

அம்மா, 'நெய்மம்' என்று எழுதுங்கள். எள்+நெய்தான் எண்ணெய், வெண்மை+நெய் வெண்ணெய். பழந்தமிழில் நெய் என்பது பொதுப்பெயர். நெய்தல் என்றால் நெசவும்கூட! செல்லுக்குள் சவ்வு உருவாவதை 'நெய்மநெய்வு' எனலாம். நிணம், விழுக்கு என்றும் சொற்கள் உண்டு. அவற்றை நாளை விரிவாக எழுதுகிறேன்.
(ஈசூன்)

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சவ்வில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. மூலக்கூறுகள் நீரை விரும்பும் தலையை நீர்ப்பக்கம் நீட்டி, நீரை விரும்பாத வாலை உள்ளே ஒளித்து, தாமாகவே இரட்டை அடுக்காகக் கூடுகின்றன. செல்லுக்குள் உள்ள சவ்வு அமைப்பான அகப்பிளாச வலையின் வெளிப்புறத்தில் உருவானவற்றை மறுபக்கம் புரட்டிவிடத் தனிப் புரதங்கள் வேண்டும். இதில் நெசவு எங்கே வந்தது? நெய் என்றதும் எனக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் டப்பாதான் ஞாபகம். 'லிப்பிட்' இருக்கட்டுமே.
(தெம்பனிஸ்)

தம்பி, லகரம் மொழிமுதல் வராது. 'இலிப்பிட்டு' என்றாவது எழுதுங்கள்.
(ஈசூன்)

அப்போ லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தையும் 'இலிட்டில் இந்தியா' ஆக்கிவிடலாமா ஐயா?
(தெம்பனிஸ்)

நாற்பது மடல் ஓடிவிட்டது. 'கொழுமியம்' என்ற சொல் இணையத்தில் ஏற்கெனவே புழங்குகிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பின் சாயலும் தெரிகிறது, கொழுப்பும் அல்ல. உருவாக்கத்துக்கு 'உயிர்த்தொகுப்பு' போதும்.
(பிடோக்)

சரி. கொழுமியம் மூன்று பேர், லிப்பிட் இரண்டு பேர், நெய்மம் ஐயா ஒருவர். முதல் முறை 'கொழுமியம் என்னும் லிப்பிட்' என்றும், அப்புறம் கொழுமியம் என்றும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.
(உட்லண்ட்ஸ்)

நெய்மத்தை நான் விட்டுவிடவில்லை. போகட்டும். பாலூட்டிகளால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாமல் உணவிலிருந்தே பெறும் அந்த அமிலத்தை 'லினோலெயிக்' என்றா அச்சிட்டீர்கள், 'இலினோலெயிக்' என்றா?
(ஈசூன்)